அறுபது குமிழ்

“நேற்று நாற்பது எரிஞ்சது. இண்டைக்கு அறுபது எரிய வேணும்” என்றார் கந்தப்போடியார்.

கண்ணகை அம்மன் சடங்கில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடிக்கு உரியது. நேற்று, வாவிக்கு அப்பால் இருக்கும் படுவான்கரைக் குடியின் நாள். இன்று கந்தப்போடியாரின் குடி. கோயிலுக்கு மின்வெளிச்சம் வந்தது இந்த வருடம்தான்.

அருமைநாயகம் அந்த மின்சாரம் தரும் தன் இஞ்சினைத் தொட்டுக்கொண்டு நின்றார். மட்டக்களப்பிலிருந்து வண்டியில் ஏற்றி வந்தது. டைனமோ கருகினால் அவர் பிழைப்பும் அதோடு போய்விடும்.

வந்த அன்றே இரண்டு குடித் தலைவர்களுக்கும் மணலில் கணக்கு எழுதிக் காட்டியிருந்தார். நூறு வோல்ட். இருபது ஆம்பியருக்கு மேல் தாங்காது. பெருக்கினால் இரண்டாயிரம் வாட். பெரிய குமிழ் ஒன்று அரை ஆம்பியர் இழுக்கும், நாற்பதோடு சரி. சின்னக் குமிழும் உண்டு. வோல்ட்டை ஆம்பியரால் பிரித்தால் பெரியதன் தடை இருநூறு ஓம், சின்னதன் தடை நானூறு. அதனால் கால் ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் மங்கலாகத்தான் எரியும்.

கந்தப்போடியார் அன்று வெற்றிலையை மென்றபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுபது என்றால் எல்லாமே சின்னக் குமிழ்தான், நேற்றைய வெளிச்சம் வராது என்று அருமைநாயகம் இப்போது மறுபடியும் சொன்னார்.

“வெளிச்சத்தை ஆர் தம்பி எண்ணப் போறான்? குமிழைத்தான் எண்ணுவான்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கம்பங்களும் வயரும் உடனே வந்து சேர்ந்தன. பின்நேரம் அறுபதும் தொங்கியதும் போடியாரின் மருமகன் வல்லிபுரம் இரண்டு தரம் எண்ணினான். படுவான்கரையார் இன்றைக்குச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டுதான் திரும்பிப் போவார்கள் என்றான்.

ஆயிரத்து ஐந்நூறு வாட்டை வைத்துக்கொண்டு இரண்டாயிரத்தை வென்றுவிட்டார்களாம். அருமைநாயகத்துக்கு உள்ளுக்குள் ஏளனமாக இருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போனபின் போடியார் தனியாக வந்தார்.

“இருபது தாங்குற இஞ்சின். அறுபது குமிழுக்குப் பதினைஞ்சு போகும். மிச்சம் அஞ்சு எங்க?”

அருமைநாயகம் திடுக்கிட்டார். அது சும்மாதான் கிடக்கிறது, இஞ்சினுக்கும் சுகம் என்று சமாளித்தார்.

“வயல் வட்டைக்குத் தண்ணி பங்கு வைக்கிறவன் நான். மிச்சத்தைச் சும்மா விடமாட்டன். அஞ்சுக்கு எத்தனை பெரிய குமிழ்?”

“பத்து, போடியார்.”

“பொழுது படமுதல் தோணித்துறைக்கு வயரை இழு. பத்தையும் அங்க போடு.”

“அது படுவான்கரை ஆக்கள் வந்து இறங்குற துறையெல்லோ?”

“ஓம். போன சடங்குக்கு வந்த சின்னத்தங்கம் எண்ட பிள்ளை, இருட்டுக்குள்ள தோணியால இறங்கேக்க தண்ணியில விழுந்து செத்தவ. அதுக்கு மறுகாவும் அந்தத் துறையில ஒருத்தரும் ஒரு விளக்கு வைக்கல்ல.”

அருமைநாயகத்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதைக் குடிக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே என்று முணுமுணுத்தார்.

போடியார் வயர்ச் சுருளைத் தானே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அவங்கட துறைக்குப் பத்துக் குமிழ் எண்டு கேட்டிருந்தா, நம்மட ஆக்கள் கம்பம், வயர் ஒண்டும் தந்திருக்க மாட்டாங்க. அதுதான் தம்பி, கோயிலுக்கு அறுபது கேட்டன்.”