வட்டியில்லாக் கடன்

கடன் இயந்திரம் மூன்று அறநெறிகளைக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. கடமை நெறிக்கு நூற்றுக்கு இரண்டு வட்டி. சொன்ன தேதி தவறவே கூடாது. பயன் நெறிக்கு ஒன்றுதான். ஆனால் அந்தப் பணம் வேறொருவருக்குக் கூடுதலாக உதவுமென்றால் பாதியில் பிடுங்கிக்கொள்ளும். நற்குண நெறிக்கு வட்டியே கிடையாது.

மீன் வியாபாரி பிலோமினாவுக்கு அதுதான் இடித்தது. "சும்மா எவன் குடுப்பான்? எதுல கைவைக்கப் போற?"

"நல்லவர்கள் வட்டி வாங்குவதில்லை, அம்மா. இந்தக் கடனை எடுத்தால் நீங்களும் யாரிடமும் வட்டி வாங்கக்கூடாது. அவ்வளவுதான்."

அடுத்த வீட்டு ரெஜினாவுக்கு அவள் கடன் கொடுத்திருந்தது பத்து வட்டிக்கு. அதிலும் முதல் மாத வட்டியைக் கழித்துக்கொண்டுதான் கையில் கொடுத்தாள்.

"அதானே பாத்தேன்! களவாணி மெஷினு" என்று கடமையை அழுத்தினாள்.

வீட்டுக்குப் போனதும் ரெஜினாவைக் கூப்பிட்டாள். "இனிமே பன்னெண்டு வட்டி. நானும் ரெண்டு கட்டணும்லா?"