தலையில் விழாத பல்லி

ஹம் நகரத்துச் செல்லப்பிராணிக் கடையில், கடைக்காரரை ஜெர்மன் மொழியில் குடைந்துகொண்டிருந்தாள் எவ்லின்.

“கடிக்குமா?”

“கடிக்காது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கென்றே பிறந்த பல்லி.”

“துள்ளுமா?”

“பரம சாது.”

“சுவரில் ஏறித் தலையில் விழுமா?”

கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். “தலையிலா? இந்த இனத்துக்குச் சுவர் ஏறவே வராது!”

எவ்லினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தலையில் பல்லி விழுந்தால் சாவு நிச்சயம் என்று நடுங்கும் ஆள் ஒன்று அவள் வீட்டில் உண்டு.

“கையில் கொடுத்துப் பார்ப்போமே. எங்கே பிள்ளை?”

“காரில். உள்ளே வரப் பயம்” என்றவள் வாசலுக்கு ஓடினாள். “ஜெசிக்கா, பயமில்லையாம்! கூட்டிக்கொண்டு வா!”

எட்டு வயது ஜெசிக்கா, ஆறடி உயர அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

“கண்ணைத் திறவுங்கோ அப்பா. இது தலையிலை விழாதாம்!”