துளையில்லாத கிழங்கு

அந்த மலையில் உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் வீட்டையொட்டி நாலு சால் மட்டும் மருந்து படாமல் விட்டுவைப்பார்கள். அது சொந்த அடுப்புக்கு. மற்றதெல்லாம் குருணை மருந்தும் தெளிப்பு மருந்தும் குடித்து வளர்ந்து லாரி ஏறும். புழு துளைத்த கிழங்கைத்தான் அங்கே உறவுக்காரனுக்குக் கொடுப்பார்கள்.

பாகம் பிரித்த சண்டையில் ஒரு வருஷமாக முகம் பாராத மலையாண்டி, சமாதானமாகப் போவோம் என்று தம்பி குழந்தைவேலு வீட்டுக்கு ஒரு மூட்டை கிழங்கு அனுப்பினார். தம்பி மனைவி நாகஜோதி அதை முற்றத்தில் கொட்டி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றில்கூடத் துளை இல்லை. கணவனிடம் அவள் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலையாண்டி விருந்துக்கு வந்தார். நாகஜோதி இரண்டு சட்டிகளில் வறுவல் செய்திருந்தாள். மூட்டையில் வந்ததை அவருக்கு வைத்தாள். தன் சாலில் தோண்டி, புழு தின்ற இடத்தைச் சீவியெறிந்ததைக் கணவனுக்கு வைத்தாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

"உங்க சால் கிழங்காம்மா?"

"இல்ல மாமா, நீங்க குடுத்துவிட்டது. ரெண்டு பேருக்கும் அதையேதான் வறுத்தேன்."

மலையாண்டி வறுவலைத் துண்டு துண்டாக இலையோரம் ஒதுக்கினார். "அண்ணன் கிழங்குன்னா தனி ருசிதான்" என்று குழந்தைவேலு அள்ளி வாயில் போட்டான். 'தின்னாதடா' என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும், எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று நாகஜோதி கரண்டியோடு நின்றாள். தம்பி இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினான்.

மலையாண்டி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, "இந்த வருஷம் பனி சாஸ்தி" என்றார்.