கொறைஞ்சு போன சத்தம்

"கொறைச்சுட்டானுங்க. சவுண்டை வேணும்னேதான் கொறைச்சுட்டானுங்க."

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டும்போது ஹெல்மெட்டுக்குள் தனியாகப் பேசிக்கொண்டே வண்டி ஓட்டினான் வல்லரசு.

வல்லரசு 'கருவமுள்' பேண்டின் டிரம்மர். விழுப்புரம் ஜில்லாவிலேயே ஒரே ஹெவி மெட்டல் பேண்டு. அப்படித்தான் போஸ்டரில் போட்டுக்கொண்டார்கள், யாரும் மறுத்துக் கேட்கவில்லை.

மொத்தம் மூன்றே பேர். மணிமாறன் கிட்டார். ஆரோக்கியராஜ் பாட்டு. பாட்டு என்றால் பாட்டா? உறுமல்! அவன் வாயைத் திறந்தால் கட்டிப்போட்ட மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும்.

அந்த உறுமல்தான் ரெண்டு மாசமாய்ப் போர்வைக்குள் இருந்து வருகிற மாதிரி வருகிறது. கிட்டாரும் அப்படித்தான்.

காரணம் வல்லரசுக்குத் தெரியும். திண்டிவனத்து ஆர்கெஸ்ட்ராக்காரர் ஒருத்தர் மணிமாறனுக்கு அடிக்கடி போன் போடுகிறார். ஆவணி பிறந்தால் வரிசையாக முகூர்த்தம். ரிசப்ஷனில் மெலடி வாசிக்க ஆள் வேணுமாம். மெலடிக்கு எதுக்கு டிரம்மர்? ஒரு ரிதம் பேடு போதுமே!

நடக்காத கதையா? வெளிநாட்டு பேண்டுங்களே இடி மாதிரி ஆரம்பிச்சுத் தாலாட்டுல முடியறானுங்க. அவன் உயிராய் நினைக்கிற பேண்டின் புது ஆல்பத்தைப் போன வாரம் ஹெட்போனில் கேட்டான். அதுவும் மெத்தென்று இருந்தது. 'நீங்களும் விலை போயிட்டீங்களா?' என்று கமெண்ட் போட்டுவிட்டு, அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காமல் கிடந்தான்.

பகலெல்லாம் வளவனூர் கிரில் பட்டறையில் இரும்பை அறுக்கிறவன். இந்த பேண்டும் கையை விட்டுப் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? நினைக்கவே பயமாக இருந்தது.

ஆடி மாசம் கல்யாணம் கிடையாது. திண்டிவனத்தில் மணிமாறனின் மாமா மண்டபம் சும்மாதான் கிடக்கும். பந்தி ஹாலில் ரிகர்சல்.

உள்ளே நுழைந்தபோது மணிமாறனும் ஆரோக்கியராஜும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவனைப் பார்த்ததும் சட்டென்று விலகினார்கள்.

"வாடா வல்லு, சாப்ட்டியா?" மணிமாறன் கத்தினான்.

என்றைக்கும் இல்லாத அக்கறை!

ஆரம்பித்தார்கள். ஆரோக்கியராஜுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது, வாய் காது வரைக்கும் கிழிந்தது. சத்தம் மட்டும் பக்கத்து வீட்டில் இருந்து வந்தது. நடிக்கிறான் பாவி!

வல்லரசு ஸ்டிக்கை வீசி எறிந்தான்.

"நிறுத்துங்கடா! சவுண்டை இன்னாத்துக்குடா கொறைச்சீங்க? என்னைக் கழட்டி வுடணும்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. ஆர்கெஸ்ட்ராவுக்குப் போறீங்க, அதானே?"

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

சமையல்கட்டுப் பக்கமிருந்து வாட்ச்மேன் பச்சைமுத்து ஓடி வந்தார். ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னமோ சொன்னார்.

"இன்னாண்ணே?"

பச்சைமுத்து கிட்டே வந்து கத்தினார். "பாத்திரமெல்லாம் கடகடன்னு ஆடுதுப்பா! வாரா வாரம் ஏத்திக்கினே போறீங்களே, ரோட்டுல போறவன்லாம் நின்னு பாக்கிறான். பேஜாராப் பூடும் தம்பிங்களா!"

ஏத்திக்கினே போறோமா? வல்லரசு சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

மணிமாறன் தன் காதுக்குள் விரலை விட்டுப் பஞ்சை எடுத்தான். ஆரோக்கியராஜும் எடுத்தான்.

"எங்கம்மா மேல சத்தியமா கொறைக்கலடா," என்று உரக்கச் சொன்னான் மணிமாறன். "உனக்குக் கேக்கலைன்னு தெரிஞ்சதுல இருந்து ஏத்திக்கினுதான் இருக்கோம்."

உலகத்தில் இருக்கிற அத்தனை பேண்டும் ஒரே நேரத்தில் எப்படி மெத்தென்று ஆகும் என்று வல்லரசுக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நாள் பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பட்டறைக்கு வந்தப்போ மெஷின் ஓடலை. உன் முதுகுக்குப் பின்னாடி நின்னு கத்தினேன். நீ திரும்பவே இல்லை," என்றான் மணிமாறன்.

"ஏன்டா சொல்லலை?"

"பயம்தான்," என்றான் ஆரோக்கியராஜ். "சொன்னா டிரம்ஸை வுட்டுட்டுப் போயிடுவியோன்னு."

வல்லரசு எழுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வேற ஆளைப் பாருங்கடா. செவிடனை வெச்சுக்கினு இன்னா பண்ணுவீங்க?"

ஆரோக்கியராஜ் தோளை அழுத்தி உட்கார வைத்தான். "நாளைக்குப் பாண்டியில காது டாக்டரைப் பாக்கறோம். மூணு பேரும்தான் போறோம், ஒக்காரு."

மணிமாறன் ஆம்பிளிஃபயரிடம் போனான். திருகைப் பாதிக்கு இறக்கினான். யோசித்துவிட்டு இன்னும் இறக்கினான்.

வல்லரசு பதறிப் போனான். "டேய், இன்னாடா பண்றே? அடுத்த மாசம் ஷோ இருக்கு! கருவமுள் மழுங்கிப் போச்சுன்னு ரசிகனுங்க காறித் துப்புவானுங்கடா!"

மணிமாறன் திரும்பி வந்து, அவன் காதருகே குனிந்து சொன்னான்:

"துப்பட்டும்டா. மிச்சமிருக்கிற காதை வெச்சுத்தான் நீ கடைசி வரைக்கும் எங்க கூட வாசிக்கணும்."