ஓனர் இங்கே இல்லை

"எனக்கு முடிஞ்சிச்சி ஏஞ்சலு! அடுத்தது உன் ஊடுதான். அந்தக் கல்ல மறைச்சிட்டியா இல்லியா?"

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா மூச்சிரைக்க வந்து நின்றாள். ஏஞ்சலின் வாசல் சுவரைக் காட்டினாள். 'ஏஞ்சலின் இல்லம்' என்று பொறித்த கிரானைட் கல்லின் மேல் பொன்னேரி இரும்புக் கடைக் காலண்டர் தொங்கியது. வெளிச்சுவரில் காலண்டர் மாட்டும் பழக்கம் அந்தத் தெருவுக்கு இந்த வாரம்தான் வந்திருந்தது.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் ஓவர்டைம் நின்று ஒரு வருடமாகிறது. அந்த ஓவர்டைமை நம்பி வீட்டுக்கடன் வாங்கிய அந்தத் தெருவின் பதினோரு குடும்பங்களும் தவணை கட்ட முடியாமல் விழித்தன. மூன்று மாதத்தில் வீடு ஏலம் என்று பேங்க் நோட்டீஸ் அனுப்பிவிட்டது. பிள்ளை குட்டிகளோடு எங்கே போவது? அரசாங்கம் கட்டியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கேட்டுப் பதினோரு பேரும் மனுப் போட்டார்கள். சொந்த வீடு இல்லாதவர்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். இந்த வாரம் நேரில் வந்து விசாரிப்பார்கள் என்று தகவல் வந்திருந்தது.

"பொய் சொல்ல பயமா கீதுக்கா."

"மூணு மாசத்துல நெசமாவப் போற பொய்யிதானே? தைரியமா சொல்லு. காலைலேர்ந்து பத்து ஊடு முடிச்சிட்டாரு. ஒருத்தரும் மாட்டிக்கல."

சொல்லி வாய் மூடவில்லை, அவர் வந்துவிட்டார். கழுத்தில் அட்டை, கையில் ஃபைல். அதற்கு மேல் அவர் யார், எவர் என்று அந்தத் தெருவில் யாரும் கேட்கவில்லை.

"வீட்டு ஓனரப் பார்க்கணும்மா."

"ஓனரா? அவரு இங்க இல்ல சார். நாங்க வாடகைக்குத்தான் கீறோம்." ஏஞ்சலின் ஒப்பித்தாள்.

"இங்கயுமா?" அவர் பெருமூச்சுவிட்டு ஃபைலைத் திறந்தார். "எத்தனை வருஷமா?"

"அஞ்சு வருஷமா சார். வாடகை மூவாயிரம்."

"ஓனர் எங்க இருக்காரு?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. கன்னியம்மா முந்திக்கொண்டாள்.

"திருநின்றவூர்ல பெரிய ஃபிளாட்டு வாங்கிக்கினு பூட்டாரு சார். காரு கூட கீது."

அவர் காரையும் எழுதிக்கொண்டார்.

"இந்த வீட்டுப் பக்கம் வந்து பார்க்கறதுண்டா?"

ஏஞ்சலினுக்கு இப்போது நாக்கு பழகிவிட்டது. "எங்க சார்! மழ பேஞ்சா சமையல் ரூம்பு ஒழுவுது. மோட்டாரு ரிப்பேராயி ரெண்டு மாசம் ஆவுது. இன்னா சொன்னாலும் காதுல போட்டுக்க மாட்டாரு. பேஜாரு புடிச்ச மனுஷன்."

அத்தனையும் அவள் புருஷன் ஜெரால்டைப் பற்றிய பழைய புகார்கள். அதனால் ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. ஜெரால்ட் அப்போது ஆரம்பாக்கத்தில் யாரோ ஒருவருடைய லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"சொன்னதை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

பேனாவை வாங்கியவள் வாசல் சுவரைப் பார்த்தாள். ஆளுக்குக் கூலி கொடுக்க முடியாமல் அவளே செங்கல் சுமந்து கட்டிய வீடு. இது என்னுடையது இல்லை என்று கைப்பட எழுதுவது அவளுக்கு வலித்தது. கண் கலங்கிவிட்டது.

"ஏம்மா அழறீங்க?"

"ஓனரு தொல்ல சார், வேற இன்னா?" என்றாள் கன்னியம்மா.

ஏஞ்சலின் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுதி முடித்தாள். கன்னியம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அவர் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு ஃபைலில் செருகினார்.

"சார்... எங்களுக்கு எப்ப சார் ஊடு குடுப்பீங்க?"

"எந்த வீடும்மா?" அவருக்குப் புரியவில்லை. "நான் பேங்க்லேருந்து வர்றேன். ஓனரே குடியிருக்கற வீடா இருந்தா ஏலம் வேணாம், வட்டியைத் தள்ளுபடி பண்ணி, தவணைக்கு ரெண்டு வருஷம் டைம் குடுக்கலாம்னு ஆர்டர் வந்திருக்கு. பதினோரு வீடும் பார்த்தாச்சு, ஒரு ஓனர்கூட இங்க இல்ல."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"நல்லவேளை, நீங்க எல்லாரும் உண்மையைச் சொன்னீங்க."