விஜயகலாவின் வாய்

“இது... தேத்தண்ணியா, கோப்பை கழுவின... தண்ணியா? தேயிலைய... தோட்டத் தொரைக்கு மிச்சம் புடிச்சிக் குடுக்கிறீங்களோ?”

கதிரையை விட்டு எழும்பாமலே, சொல் சொல்லாக நிறுத்தி, நன்றாக உறைக்கும்படி கேட்டாள் விஜயகலா. அவள் கணவன் யோகராஜா கோப்பையை வாங்கிக்கொண்டு சிரித்தபடியே வெளியே வந்தான்.

போன வாரம்தான் பக்கத்துக் காம்பராவுக்குக் குடிவந்த மூக்காயிக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் தம்பி, மகாராணி மாதிரி குந்திக்கிட்டுத் திட்டுறா. நீ பல்லக் காட்டிக்கிட்டு வாற! பொண்டாட்டிக்கு இவ்வளவு எடம் குடுக்கலாமா?”

“வேணும்னுதான் அக்கா தேயிலச் சாயத்தக் கொறைச்சேன்.”

“என்னாது?”

“போன வருஷம் ரப்பர் மலையில கொப்பு முறிஞ்சி அவ தலையில விழுந்திருச்சி. மூளையில அடி. பேச்சே நின்னுபோச்சி. இரத்தினபுரி கிளினிக்ல சொன்ன மாதிரி தெனமும் படத்தக் காட்டி, ‘இது என்னா?’ன்னு அன்பா கேட்டேன். பாவம், வேர்க்க வேர்க்க முயற்சி பண்ணுவா. சத்தமே வராது. ஒருநா தெரியாம தேத்தண்ணியில உப்பப் போட்டுட்டேன். ‘மடையா’ன்னா! அதுதான் மொத வார்த்த. இப்ப பாருங்க, முழு வசனமா திட்டுறா.”

மூக்காயி தன் காம்பராவுக்குள் போனாள்.

மறுநாள் காலை, விஜயகலாவின் துணிக்கொடியில் இடமே மிச்சம் வைக்காமல் தன் ஈரச் சேலைகளை விரித்துப் போட்டாள். பிறகு, திட்டு வாங்குவதற்காக விஜயகலாவின் வாசலிலேயே காத்து நின்றாள்.