நத்தை போட்ட வழி

"இங்க பத்து நிமிஷம் உட்காரணும்னு போட்டிருக்கு. உட்காரு."

டிரைவிங் ஸ்கூல்காரர் செல்போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தானே முதலில் பாறையில் உட்கார்ந்தார். மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மலையில் கால்வாசிகூட ஏறியாகவில்லை. அதற்குள் அவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

ஆறு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்ட மனிதர். அதற்கு முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் படிக்கட்டு வழியாக இந்த மலையில் ஏறி, உச்சியில் நின்று போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. மெதுவாக நடக்கலாம், மூச்சு வாங்கினால் நின்றுவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதில், நடக்கலாம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் பெரிய ரகளை. படிக்கட்டு வேண்டாம், பின்பக்கம் சரிவான பாதை இருக்கிறதாம், அதில் போகலாம் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆளா அவர்? பக்கத்து சீட்டில் உட்கார்ந்து 'திருப்பு, நிறுத்து, பிரேக்கை மிதி' என்று காலமெல்லாம் அடுத்தவருக்கு உத்தரவு போட்டே பழகியவர். பெண்டாட்டி சொல்லி வண்டியைத் திருப்பிய சரித்திரம் கிடையாது.

கடைசியில் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். தானும் கூட வருவாள். பாதியில் திரும்பினால் இனி ஜென்மத்துக்கும் அவர் மலைப் பேச்சை எடுக்கக் கூடாது. அவரும் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டார். ஆட்டிய பிறகுதான் உதறல் எடுத்தது. மலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

மலை ஏறுகிறவர்கள் வழி போட்டுப் பகிர்ந்துகொள்ளும் மேப் ஆப் ஒன்றை யாருக்கும் தெரியாமல் துழாவியபோதுதான் நத்தை அகப்பட்டார். அந்தப் பெயரில் யாரோ பின்பக்கப் பாதையைக் கோடு போட்டு, அங்கங்கே குறிப்பும் எழுதி வைத்திருந்தார்கள். எங்கே நிழல், எங்கே ஏற்றம், எங்கே கட்டாயம் உட்கார வேண்டும், எல்லாம். அதை அப்படியே போனில் இறக்கிக்கொண்டார்.

"இந்த நத்தை அண்ணன் அனுபவஸ்தர். நீயும் பின்பக்கம் பின்பக்கம்னு சொன்னே, இல்லேங்கலை. ஆனா வாய்க்கு வந்ததைச் சொல்றது வேற, விஷயம் தெரிஞ்சு சொல்றது வேற."

"ஆமாங்க," என்றாள் மனைவி.

எழுந்து நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் செங்குத்தான குறுக்கு வழி ஒன்று பிரிந்தது. கல்லூரிப் பையன்கள் சிலர் சிரித்துக்கொண்டே அதில் ஏறிப் போனார்கள். அவருக்குக் கால் பரபரத்தது. வேண்டாங்க என்று மனைவி கையைப் பிடித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும் என்று எரிந்து விழுந்துவிட்டு, ஒரு பேச்சுக்கு போனைப் பார்த்தார்.

'குறுக்கு வழி ஆசை காட்டும். அதில் ஏறினால் இறங்கும்போது நாலு பேர் தூக்கி வர வேண்டியிருக்கும்.'

விழுந்து விழுந்து சிரித்தார். நத்தை அண்ணன் சொன்னால் சரிதான் என்று சமத்தாக நேர்வழியில் நடந்தார். மனைவி பின்னாலேயே வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. பேசாமல் வருவதால் மூச்சு மிச்சமாகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

உச்சி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார். முடியவில்லை. திரும்பிவிடலாம் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அத்தோடு எல்லாம் முடிந்தது. மனைவி முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் போனைப் பார்த்தார்.

'இந்த இடத்துக்கு வந்ததும் திரும்பிவிடலாம் போலத் தோன்றும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் குடியுங்கள். உட்காருங்கள். பிறகு அடுத்த வளைவு வரைக்கும் மட்டும் நடந்து பாருங்கள்.'

இதை அவர் மனைவிக்கு வாசித்துக் காட்டவில்லை. முகம் தெரியாத ஒரு ஆள் தன் மனசுக்குள் புகுந்து பார்த்ததுபோல எழுதியிருக்கிறானே என்று கண் கலங்கிவிட்டது. அவள் நீட்டிய தண்ணீரைக் குடித்தார். உட்கார்ந்தார். எழுந்து வளைவு வரைக்கும் நடந்தார். வளைவைத் தாண்டினால் உச்சி, வெறும் சமதரைதான்.

மேலே நல்ல காற்று. சட்டைப் பொத்தான்களை அவிழ்த்து விட்டுக்கொண்டு, கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து போட்டோ எடுத்தார். போனில் சிக்னலும் வந்திருந்தது. முதல் காரியமாக நத்தைக்குச் செய்தி அடித்தார். அடித்ததை மனைவிக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தார்.

"நத்தை அண்ணனுக்கு வணக்கம். உங்க பேச்சைக் கேட்டதாலதான் ஏறி முடிச்சேன். எங்க வீட்டம்மா பேச்சைக் கேட்டிருந்தா இன்னிக்கு சோபாவிலதான் கிடந்திருப்பேன்."

அனுப்பினார். பக்கத்தில் மனைவியின் பைக்குள் ஏதோ சத்தம் கேட்டது. மகள் அனுப்பிய செய்தியாக இருக்கும். மனைவி போனை எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் நிதானமாக எதையோ தட்டினாள்.

அவர் போன் சிணுங்கியது. நத்தையிடமிருந்து பதில்.

'ரொம்ப சந்தோஷம். முதல்ல சட்டைப் பொத்தானைப் போடுங்க. காத்து அடிக்குது.'